ஃப்ரண்ட் தெருத் தரகர்

1975ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை நான்கு தபால்தலைகளை வெளியிட்டது. விடுதலைப் போரில் பங்கெடுத்தும் பாடநூல்களில் அதிகம் இடம்பெறாத நால்வரின் படங்கள். இரவில் குதிரையேறிப் படையைத் திரட்டியதாகச் சொல்லப்படும் சிறுமி சிபில் லடிங்டன், பங்கர் ஹில் சண்டையில் நின்ற கறுப்பின வீரர் சேலம் பூர், உடல் வலிமைக்குப் பேர்போன பீட்டர் ஃபிரான்சிஸ்கோ. நான்காமவர் மேசை முன் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். பெயர் ஹேய்ம் சாலமன். அவர் தபால்தலையின் பின்புறம், பசை பூசிய பக்கத்தில், அவரைப் பற்றி ஒரு வாக்கியம் அச்சாகியிருந்தது. அமெரிக்கப் புரட்சிக்குத் தேவைப்பட்ட பணத்தின் பெரும்பகுதியைத் திரட்டியவர், பிறகு புதிய நாடு நொடித்துப் போகாமல் காத்தவர் என்பது அதன் சாரம்.

அது உண்மையல்ல. ஒரு தரகர் திரட்டக்கூடிய தொகையில் அந்தப் போர் நடக்கவில்லை. ஆனால் அஞ்சல் துறையில் யாரோ ஒருவர் துணிந்து புளுகிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறிக் கைமாறிப் பருத்துப்போன ஒரு கதையை அவர் நம்பி எழுதினார், அவ்வளவுதான். சாலமன் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பே அந்த வாக்கியத்தை ஏற்கவிடாமல் தடுக்கிறது. செய்யாததைச் செய்ததாகச் சொல்லப்போய், செய்தது என்ன என்பதே மறைந்துவிட்டது.

போருக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்கக் காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. 13 மாநிலங்களிடமும் கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே 1775 முதல் தாள் டாலர்களை அச்சடித்துத் தள்ளியது. 20 கோடி டாலருக்கும் மேல் புழக்கத்தில் விட்டபின், 1780 மார்ச்சில், நாற்பது தாள் டாலருக்கு ஒரு வெள்ளி டாலர்தான் பெறும் என்று அதுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த விலைக்கும் ஆள் இல்லை. தாள் செத்த பிறகு படை விவசாயியின் தானியத்தைத் தின்றது, அவன் வண்டியையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனது. பதிலுக்கு, பின்னால் பணம் தருகிறோம் என்று ஒரு சான்றுச்சீட்டை அவன் கையில் திணித்தது. இப்படிப் பெயர் தெரியாத பல்லாயிரம் பேரின் மேல்தான் போரின் முதல் பாரம் இறங்கியது. இரண்டாவது பாரம் பிரான்சின் மேல். நன்கொடையாகவும் கடனாகவும் லட்சக்கணக்கான லிவர் அங்கிருந்து வந்தது. 1782இல் ஜான் ஆடம்ஸ் ஆம்ஸ்டர்டாமில் 50 லட்சம் கில்டர் கடன் வாங்கினார்.

பிரெஞ்சுக் கருவூலம் அப்போது அமெரிக்காவுக்கு மட்டும் இறைத்துக்கொண்டிருக்கவில்லை. 1783 ஜூனில் கடலூர்க் கோட்டையில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். வெளியே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரெனின் கப்பல்கள் போரிட்டன. ஐரோப்பாவில் சமாதானம் பேசியாகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்த பிறகே அந்தச் சண்டை ஓய்ந்தது. அமெரிக்க விடுதலையை ஒட்டி மூண்ட உலகப் போரின் கடைசி மோதல் நம் கெடிலக் கரையில் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. பிலடெல்பியாவின் கடனையும் கடலூரின் செலவையும் ஒரே அரசு தாங்கியது; 1789இல் அந்த அரசு கவிழ்ந்ததற்கு இந்தச் செலவுகளும் ஒரு காரணம்.

பாரிசில் இருக்கும் பணத்தைப் பிலடெல்பியாவில் எப்படிச் செலவழிப்பது? நாணயத்தைப் பெட்டியில் போட்டுக் கப்பலேற்றலாம். 1781 ஆகஸ்டில் அமெரிக்கத் தூதர் ஜான் லாரன்ஸ் அப்படித்தான் 25 லட்சம் லிவரோடு பாஸ்டனில் வந்து இறங்கினார். ஆனால் கடலில் ஆங்கிலக் கப்பற்படை இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படிக் கொண்டுவர முடியாது. மற்ற வழி உண்டியல். பாரிசிலுள்ள வங்கியின் மேல், இன்ன தொகையை இன்னாருக்குக் கொடுக்கவும் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுப் பிலடெல்பியாவில் விற்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து சரக்கு வாங்கி அங்கே பணம் கட்ட வேண்டிய வணிகர் அதை இங்கே வெள்ளி கொடுத்து வாங்கிக்கொள்வார். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் இப்படித் தாளில் பணம் அனுப்பிய நகரத்தார் குடும்பங்களில் இதைக் கேட்டால் யாரும் வியக்க மாட்டார்கள். தாளுக்கு மதிப்பு அதில் எழுதிய எண்ணால் வருவதில்லை, அதன் பின்னால் நிற்கும் ஆளால் வருகிறது என்பது அவர்களுக்குப் பழகிய பாடம்.

ஆனால் 1781இல் பிலடெல்பியாவில் அந்தத் தாளுக்குப் பின்னால் நின்றது காங்கிரஸ். தன் சொந்த டாலரைச் சாகவிட்ட காங்கிரஸ். போதாததற்கு, பிரெஞ்சுப் படையின் அதிகாரிகளும் தங்கள் செலவுக்காக அதே சந்தையில் அதே மாதிரி உண்டியல்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்பவர் இருவர்; வாங்குகிறவர் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். விற்பவருக்குப் பணமுடை என்று தெரிந்தால் வணிகர் ஒரு வாரம் பொறுப்பார், விலை இறங்கும். இறங்கிய ஒவ்வொரு பென்னியும் போர்வீரனின் ரொட்டியிலிருந்து போகும். பாரிசில் வங்கி பணம் தர மறுத்து உண்டியல் திரும்பி வந்தால் வாங்கியவர் யாரிடம் போய் நிற்பது என்ற அச்சம் வேறு.

இந்த இடத்தில்தான் ஹேய்ம் சாலமன் வேலை செய்தார். யாருக்கு ஐரோப்பாவில் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, யார் கையில் வெள்ளி இருக்கிறது, யாரை நம்பித் தவணை கொடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சந்தையில் தாள் குவிந்து விலை விழாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். தேவைப்பட்ட இடத்தில் உண்டியலின் முதுகில் தன் பெயரையும் எழுதினார். எழுதினால், பணம் வராதபோது கடன்காரன் காங்கிரசின் வாசலுக்குப் போக மாட்டான்; ஃப்ரண்ட் தெருவில் சாலமன் வீட்டு வாசலுக்கு வருவான். ஓர் அரசாங்கத்தின் சொல்லை நம்பாத சந்தை, போலந்திலிருந்து வந்த ஓர் யூதரின் கையொப்பத்தை நம்பியது. அவர் வரலாற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இந்த ஒன்றுதான்.

அவர் பிறந்தது 1740இல், போலந்தின் லெஷ்னோ நகரில். இளமையில் ஐரோப்பாவின் பல நாடுகளில் அலைந்தார் என்பது அவருடைய மொழிகளிலிருந்தே தெரிகிறது: பிரெஞ்சு, போலிஷ், ரஷ்யன், இத்தாலியன். 1770களின் நடுவில் நியூயார்க்கில் தரகராகவும் வணிகராகவும் இருந்தார். 1776இல் நியூயார்க் வடபகுதிப் படைக்குச் சரக்கு விற்கும் வணிகராகப் போக அவருக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தார்கள். சில நாளில் பெருந்தீ மூண்டு நகரின் ஒரு பகுதி எரிந்தது. சாலமனை ஒற்றர் என்று சொல்லிப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

சிறையிலிருந்து அவரைக் காப்பாற்றியது அவருடைய மொழிகள். ஆங்கிலேயர் கூலிக்கு அமர்த்தியிருந்த ஹெஸ்ஸிய ஜெர்மன் படையின் தளபதி ஹைஸ்டருக்குப் பல மொழி தெரிந்த ஆள் தேவைப்பட்டார். சாலமனைக் கேட்டு வாங்கி, அதிகாரிகளுக்குச் சரக்கு சேகரித்துக் கொடுக்கும் வேலையில் வைத்தார். அங்கே இருந்துகொண்டே சாலமன் பிரெஞ்சு, அமெரிக்கக் கைதிகளுக்குப் பணம் கொடுத்துத் தப்ப வைத்தார். ஹெஸ்ஸியரிடம் படையை விட்டு ஓடிவிடும்படி பேசினார். 1777 ஜூலையில் ரேச்சல் ஃபிராங்க்ஸை மணந்தார். பெண்ணுக்கு வயது பதினைந்து. அடுத்த ஜூலையில் மகன் எஸகியேல் பிறந்தான். குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1778 ஆகஸ்ட் 11ஆம் நாள், காவலர்கள் தேடி வருகிறார்கள் என்று அறிந்து, மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடினார்.

பின்னால் எழுதப்பட்ட நூல்களில் இந்த இடம் பெரிய நாடகம். இரண்டாம் முறை கைது, தூக்குத் தண்டனை, உடையில் ஒளித்த பொன் நாணயம், விலைபோன காவலாளி. பிலடெல்பியா வந்து இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 25ஆம் நாள், காங்கிரசுக்குச் சாலமன் கொடுத்த மனு இன்றும் இருக்கிறது. அதில் தூக்குத் தண்டனை இல்லை, பொன் நாணயமும் இல்லை. ஒருமுறை சிறை, கைதிகளுக்குச் செய்த உதவி, துரத்தல், தப்பியது, விட்டுவந்த ஐயாயிரம் ஆறாயிரம் பவுன் சொத்து, கைக்குழந்தையோடு தவிக்கும் மனைவி. கேட்டது என்ன? தன் தொழிலுக்கேற்ற ஏதாவது ஒரு வேலை. காங்கிரஸ் மனுவை ஒரு குழுவுக்கு அனுப்பியது. வேலை கிடைக்கவில்லை. நான் அந்த மனுவைப் பெரிதும் மதிக்கிறேன். உயிர் பிழைத்து வந்தவர் தன் துன்பத்தை ஒரு முழம்கூட நீட்டிச் சொல்லவில்லை.

பிறகு அவரே எழுந்தார். ஃப்ரண்ட் தெருவில், லண்டன் காபி ஹவுஸ் பக்கம், தரகுத் தொழிலைத் தொடங்கினார். பிரெஞ்சுப் படையின் சம்பள அதிகாரிகளுக்கு உண்டியல் விற்றுக்கொடுத்தார். 1781இல் ராபர்ட் மாரிஸ் நிதிப் பொறுப்பாளராக வந்ததும் அவருக்கும் சாலமன் தேவைப்பட்டார். மாரிஸ் நாள்தோறும் எழுதிய அலுவலக நாட்குறிப்பில், 1781 முதல் 1784 வரை, சாலமனின் பெயர் ஏறத்தாழ எழுபத்தைந்து இடங்களில் வருகிறது. அனேகமாக எல்லாம் ஒற்றை வரிகள். சாலமனுக்கு ஆள் அனுப்பினேன். சாலமன் வந்தார், உண்டியல் விற்கவில்லை என்றார். எப்படியாவது பணம் புரட்டுங்கள், ஒரு வழியையும் விடாதீர்கள் என்று அவரை நெருக்கினேன். 1782 ஜூலை 12ஆம் நாள், நிதி அலுவலகத்தின் தரகர் என்று விளம்பரப்படுத்திக்கொள்ள அவர் அனுமதி கேட்டதையும், இவர் பொது நலனுக்கு உதவியாக இருந்திருக்கிறார் என்பதால் தந்ததையும் மாரிஸ் குறித்து வைத்திருக்கிறார். சாலமன் அரசிடமிருந்து பெற்ற மிகப் பெரிய மரியாதை அதுதான்: விளம்பரத்தில் ஒரு பட்டம். அதையும் அவரே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

யார்க்டவுன் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1781 ஆகஸ்டில் வாஷிங்டனின் படை தெற்கே நகரக் காசில்லாமல் நிற்க, சாலமனைக் கூப்பிடுங்கள் என்று வாஷிங்டன் சொல்ல, சாலமன் உடனே 20,000 டாலர் கொடுத்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. மாரிஸின் ஆவணங்கள் வேறு சொல்கின்றன. அந்த 20,000 டாலர் வெள்ளி பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போவின் படைப்பெட்டியிலிருந்து கடனாக வாங்கப்பட்டது. ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில் வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் நாணயமாகக் கொடுக்கப்பட்டது. தாளை மட்டுமே பார்த்துச் சலித்திருந்த அவர்கள் வெள்ளியைக் கையில் வாங்கிய அந்த நாள் உண்மையிலேயே பெரிய நாள். அதை நிகழ்த்தியது சாலமன் அல்ல.

மேடிசன் விஷயம் வேறு. அதற்கு மேடிசனே சாட்சி. பின்னாளில் நாட்டின் நான்காம் அதிபரான ஜேம்ஸ் மேடிசன் அப்போது வர்ஜினியாவின் பிரதிநிதியாகப் பிலடெல்பியாவில் ஒரு தங்கும் விடுதியில் இருந்தார். வர்ஜினியாவிலிருந்து சம்பளம் வரவில்லை. 1782 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நண்பர் எட்மண்ட் ரேண்டால்ஃபுக்கு எழுதிய கடிதங்களில், சில காலமாக ஹேய்ம் சாலமன் என்ற யூதத் தரகரின் தயவில் வாழ்வதாகச் சொல்கிறார். காபி ஹவுஸ் பக்கத்து நம் சிறிய நண்பர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வட்டி வாங்க மறுக்கிறார், அதனாலேயே அவரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது என்கிறார். சந்தையில் வட்டி கொடுமையாக இருக்கிறது. லாபத்துக்கு வாங்குகிறவர்களிடம் அதைக் கறக்கலாம், முடையில் இருக்கும் பிரதிநிதியிடம் கூடாது என்பது சாலமனின் எண்ணமாம். அக்கடிதங்களில் மேடிசனின் நன்றியும் தெரிகிறது, ஓர் யூதத் தரகரிடம் கையேந்த நேர்ந்துவிட்டதே என்ற உறுத்தலும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொடுக்கிறவருக்கும் எல்லை இருந்தது. 1783இல் லண்டனிலிருந்த உறவினருக்கு அவர் எழுதிய கடிதத்தை நான் மறக்க மாட்டேன். அமெரிக்காவில் ஹேய்ம் பெரிய செல்வர் என்று ஊரில் பேச்சு. உறவுக்காரர்கள் கப்பலேறத் தயாராகிறார்கள். சாலமன் மறுக்கிறார். நீங்கள் நினைக்கும் அளவுக்கு நான் பணக்காரன் இல்லை, இருக்கும் கொஞ்சத்தை ஏழைத் தாய் தந்தையரோடு பகிர்வது என் கடமை, ஆனால் எனக்கும் பிள்ளைகள் உண்டு, உறவினர் யாரையும் இங்கே அனுப்ப வேண்டாம் என்கிறார். இந்த நாட்டில் யூத வாழ்வு சொற்பம் என்றும் எச்சரிக்கிறார். படிப்பு இல்லாமல் தான் பட்ட பாட்டைத் தந்தையிடம் சொல்லச் சொல்கிறார். அலைச்சலில் கற்ற மொழிகள் இல்லாவிட்டால் தன் கதி என்னவாகியிருக்கும் என்று கேட்கிறார். சகோதரர்களின் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும், ஹீப்ரு படிக்கத் தலை உள்ள பிள்ளைக்குத் தானே செலவு தருகிறேன் என்கிறார். ஊரை விட்டுப் போய்ச் சம்பாதிக்கும் எல்லா மனிதரும் எழுதியிருக்கக்கூடிய கடிதம் அது. கொடைவள்ளல் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார்கள். எனக்கு அவரை மிக அருகில் காட்டுவது இதுதான்.

1784இல் ஜேக்கப் மார்டகாய் என்பவரோடு கூட்டு சேர்ந்து நியூயார்க்கில், வால் ஸ்ட்ரீட்டில், ஒரு கிளை தொடங்கினார். உடல் ஒத்துழைக்கவில்லை. காசநோய். 1785 ஜனவரி 6ஆம் நாள் பிலடெல்பியாவில் இறந்தார். வயது நாற்பத்தைந்தைத் தொடவில்லை. மிக்வே இஸ்ரேல் சபையின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். 1782இல் அந்தச் சபை செர்ரி தெருவில் தன் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டியபோது மற்ற எவரையும்விட அதிகம் கொடுத்தவர் அவர். அவர் புதைந்த இடத்தில் ஒரு கல் இல்லை.

சொத்துக் கணக்கு எடுத்தார்கள். கடன் அலுவலகச் சான்றுகள், கருவூலச் சான்றுகள், மாநிலப் பத்திரங்கள் என்று முகமதிப்பில் 3,53,744 டாலர். சந்தையில் அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 44,732 டாலர். அவர் மேல் இருந்த கடன் 45,292. ஆக, எல்லாவற்றையும் விற்றாலும் 560 டாலர் துண்டு விழுந்தது. ரேச்சலுக்கு அப்போது வயது இருபத்து மூன்றுக்குள்; மூன்று பிள்ளைகள், வயிற்றில் ஒன்று.

போர்க்காலத்தில் அரசுக்குக் கொடுத்தவர் கைக்கு வந்த தாள் எல்லாம் இப்படித்தான் எட்டில் ஒரு பங்குக்குச் சரிந்து கிடந்தது. 1790இல் கருவூலச் செயலர் ஹாமில்டன் அதை முழு மதிப்புக்கு அரசு ஏற்கும் என்றபோது, முடையில் விற்றுவிட்ட வீரர்களும் விதவைகளும் ஏமாந்தார்கள். மலிவாக வாங்கி வைத்தவர்கள் கொழித்தார்கள். முதலில் வைத்திருந்தவருக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று காங்கிரசில் வாதாடியவர் மேடிசன். தோற்றார். அவர் மனதில் யார் இருந்தார்கள் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு செத்த ஒருவரை அறிந்தவர்களில் அவரும் ஒருவர்.

தந்தை இறந்தபின் பிறந்த பிள்ளை ஹேய்ம் எம். சாலமன். தந்தையைப் பாராத அந்த மகன்தான் 1840களில் காங்கிரசின் கதவைத் தட்டத் தொடங்கினார். தந்தை அரசுக்கு லட்சக்கணக்கில் கடன் கொடுத்தார், திருப்பித் தாருங்கள் என்று மனுமேல் மனு. குழுக்கள் பலமுறை விசாரித்தன. கோரிக்கை நியாயம் என்று அறிக்கைகூடத் தந்தன. பணம் வரவில்லை. 1890களில் குடும்பம் பணத்தை விட்டு, நினைவுப் பதக்கம் ஒன்று போதும் என்று கேட்டது. அதுவும் கிடைக்கவில்லை.

மகன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வங்கிப் பேரேடுகளில் சாலமனின் கணக்கிலிருந்து மாரிஸின் கணக்குக்குப் பெருந்தொகைகள் போயிருக்கின்றன. அவை பெரும்பாலும் மாரிஸுக்காக விற்ற உண்டியல்களின் பணம். தரகர் விற்றதைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். மகனின் கண்ணுக்கு அவை கடனாகத் தெரிந்தன. சொத்துப் பட்டியலில் இருந்த சான்றுகளும் அப்படியே அரசுக்கு நேரே கொடுத்த கடனாக மாறின. இரண்டையும் கூட்டினால் ஆறு லட்சம் டாலருக்கு மேல் போகும். இப்படித்தான் ஒரு தரகர் ஒரு தேசத்தின் கருவூலமாக வளர்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதைக்கு வேறு தேவை பிறந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். 1924இல் குடியேற்றச் சட்டம் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களின் வழியை அடைத்தது. ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை யூதர்களைப் பற்றி நஞ்சைக் கக்கியிருந்தது. நீங்கள் நேற்று வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, 1776லேயே நாங்கள் இருந்தோம் என்று காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது. போலந்து யூதர்களின் கூட்டமைப்பு நியூயார்க்கில் சாலமனுக்குச் சிலை வைக்க முயன்றது. அதை எதிர்த்தவர் ஓர் யூதரே. வழக்கறிஞரும் வரலாற்றாய்வாளருமான மேக்ஸ் கோலர், 1931இல், சாலமனின் உண்மையான சாதனைகள் எவை, மிகைகள் எவை என்று பிரித்து ஒரு சிறு நூலே எழுதினார். பழைய ஜெர்மன் யூதக் குடும்பத்தார் புதிதாய் வந்த எங்கள் நாயகனைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று மற்ற தரப்பு கொதித்தது.

ஆவணங்களைப் பொறுத்தவரை கோலர் சொன்னதுதான் சரி. ஆனால் கொதித்தவர்களின் நெஞ்சை என்னால் உணர முடிகிறது. 1939இல் ஹாலிவுட் சாலமனைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தது. மைக்கேல் கர்டிஸ் இயக்கம், கிளாட் ரெயின்ஸ் நடிப்பு. ஆஸ்கர் விருதும் பெற்றது. 1941 டிசம்பர் 15ஆம் நாள், பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட எட்டாம் நாள், சிகாகோவில் வாஷிங்டனும் மாரிஸும் சாலமனும் கைகோத்து நிற்கும் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அதே மாதத்தில் ஐரோப்பாவில் யூதர்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறிந்தவர் யாரும் அந்தச் சிலையைக் கேலியாகப் பார்க்க முடியாது.

இருந்தும் என் மனம் அதில் ஒப்பவில்லை. யூதர் என்றாலே பணப்பெட்டி என்ற படத்தைத்தான் பகைவர்கள் நூற்றாண்டுகளாக வரைந்து வந்தார்கள். அன்பர்களும் அதே பெட்டியைத் தூக்கிவந்து, பாருங்கள், இதைத்தானே உங்களுக்குக் கொடுத்தோம் என்றார்கள். இந்த நாட்டில் இருக்க எங்களுக்கு உரிமை உண்டு, ஏனென்றால் இத்தனை லட்சம் கட்டியிருக்கிறோம் என்பது வாதமானால், கட்டாதவன் என்ன ஆவான்? 560 டாலர் கடனோடு செத்தவரின் விதவை என்ன ஆவாள்? சேலம் பூரின் தபால்தலைக்குப் பின்னால் அவர் துணிவைப் பற்றித்தான் எழுதினார்கள். அவர் எவ்வளவு கட்டினார் என்று யாரும் தேடவில்லை.

சாலமன் உயிரோடிருந்தபோது இந்தக் கேள்வி அவர் முன்னாலேயே வந்தது. பென்சில்வேனியாவின் 1776ஆம் ஆண்டு அரசமைப்புப்படி சட்டமன்றத்தில் உட்கார வேண்டுமென்றால், பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் இறைவன் அருளியவை என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். எந்த யூதரும் அதை எடுக்க முடியாது. போர் முடிந்து, 1783 டிசம்பர் 23ஆம் நாள், அரசமைப்பைச் சீராயும் மன்றத்துக்கு மிக்வே இஸ்ரேல் சபையின் ஐவர் ஒரு மனு கொடுத்தார்கள்: தொழுகைத் தலைவர் கெர்ஷம் சேஷஸ், சைமன் நேத்தன், ஆஷர் மயர்ஸ், பர்னார்ட் கிராட்ஸ், ஹேய்ம் சாலமன். சட்டமன்ற இடத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, அந்த வாசகம் எங்கள் மேல் ஒரு களங்கத்தைச் சுமத்துகிறது என்றார்கள். போரில் யூதர்கள் நடந்துகொண்ட விதத்தை நினைவூட்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து வர நினைக்கும் யூதர்கள் இத்தகைய தடையில்லாத நியூயார்க்குக்குத்தானே போவார்கள் என்றும் கேட்டார்கள். மனு அப்போது கிடப்பில் போடப்பட்டது. 1790இல் வந்த புதிய அரசமைப்பில் அந்த வாசகம் இல்லை.

அந்த மனுவுக்கு மூன்று மாதம் கழித்து இன்னொன்று நடந்தது. புதிய வங்கி ஒன்றுக்கு உரிமம் கேட்டு வாதாடிய வழக்கறிஞர் மையர்ஸ் ஃபிஷர், வட்டி ஏறியதற்கு யூதத் தரகர்களே காரணம் என்று பழி சொன்னார். 1784 மார்ச்சில் பிலடெல்பியாவின் இண்டிபெண்டன்ட் கெஸட்டீர் பத்திரிகையில் அதற்கு ஒரு மறுப்பு வந்தது. 'ஒரு யூதத் தரகர்' என்று கையொப்பம். எழுத்தில் பத்திரிகைக்காரர் யாராவது கைகொடுத்திருக்கலாம். குரல் சாலமனுடையது என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நான் யூதன், அது என் இனம், சக குடிமக்களோடு சேர்ந்து நாங்கள் விரும்பும் உரிமைகள் அனைத்தும் கிட்டும் என்ற நம்பிக்கையை இழக்கவில்லை என்கிறது அந்தக் கடிதம்.

பிறகு அது ஃபிஷரின் பக்கம் திரும்புகிறது. ஃபிஷர் குவேக்கர், ஆங்கிலேயருக்கு வேண்டியவர் என்ற ஐயத்தில் 1777இல் விசாரணையே இல்லாமல் வர்ஜினியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர். அந்தத் தண்டனை அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். போரை ஏற்காத மனச்சான்றுக்கும் ஒரு நாட்டில் இடம் வேண்டும். ஆனால் காயம்பட்ட தரகரிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது. மேடிசனின் வறுமையை, மாரிஸின் நெருக்கடியை, தான் விற்ற உண்டியல்களை எடுத்துக் கடைபரப்பி அவர் தன்னை நிரூபித்துக்கொள்ள முற்படவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞரைப் பார்த்து, வேற்றுமொழி உச்சரிப்போடு பேசிய குடியேறி, சமமானவரிடம் சமமானவர் கேட்பதுபோலக் கேட்டார்: இந்த நாட்டுக்குச் சோதனை வந்த நாளில் நீர் எந்தப் பக்கம் நின்றீர்?